இனி ஒழுங்காக நடந்துகொள்வேன்

மலைப்பாதைகளின் மாண்புமிகு காவலர், சாவடிக் கம்பின் சக்கரவர்த்தி, அதிகாரி ஐயா அவர்களின் திருச்சமூகத்துக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை தங்கள் மேசை முன்னால் நின்றபடி நான் கைப்பட எழுதிக்கொடுத்த மன்னிப்புக் கடிதம் கோப்பில் பத்திரமாக இருக்கும் என்று நம்புகிறேன். "அனுமதி பெற்ற பாதையில் நடக்காமல் ஓடிவிட்டேன். இனி ஒழுங்காக நடந்துகொள்வேன்" என்று தாங்கள் சொல்லச் சொல்ல எழுதினேன். அவசரத்தில் நான் விட்டுவிட்ட ஒற்றெழுத்தைக்கூடச் சுட்டிக்காட்டித் திருத்த வைத்தீர்கள். மலையேற்றப் பாஸுக்குக் கட்டிய பணத்தில் தமிழ்ப் பாடமும் சேர்த்தி என்று எனக்கு முன்பே யாரும் சொல்லவில்லை.

தங்கள் அலுவலகத்தின் பெயரையும் ஊரையும் இங்கே எழுதப்போவதில்லை. சாவடிக்கு ஒரு பெயர்ப் பலகைகூட மாட்டிக்கொள்ளாத அடக்கம் தங்களுடையது. அதைக் கெடுக்க நான் யார்?

நான் ஓடியதை ஒருவரும் பார்க்கவில்லை. காட்டிக்கொடுத்தது என் கைக்கடிகாரம். அதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுலயே 'ரன்'னு போட்டிருக்கேப்பா" என்றீர்களே, அதல்லவா துப்புத்துலக்கல்! நான் எழுதிக்கொண்டிருந்தபோது, தலையில் ஆரஞ்சு மூட்டையோடு ஓர் அக்கா குடுகுடுவென்று இறங்கி வந்து, பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் கம்புக்கு அடியில் குனிந்து போனார். தங்கள் டீ ஆறிவிடக் கூடாதே என்று வாட்சர் தம்பி கடையிலிருந்து ஓட்டமாக ஓடி வந்தார். அவர்கள் இருவரிடமும் எழுதி வாங்கவில்லை. கையில் கடிகாரம் கட்டாத புண்ணியம்.

சட்டத்துக்குக் கட்டுப்பட விரும்பும் குடிமகனாக எனக்குச் சில சந்தேகங்கள். நம் ஊரில் 'ஓட்டமும் நடையுமாக' என்று ஒன்று இருக்கிறதே, அதில் எத்தனை பங்கு ஓட்டம் வரை அனுமதி? பாறையிலிருந்து பாறைக்குத் தாவினால் அது எந்தக் கணக்கு? வழுக்கி விழுந்து, எழுவதற்குள் பத்தடி கீழே போய்விட்டால் அந்தப் பத்தடியை நடையில் சேர்ப்பீர்களா? பாதையில் காட்டுமாடு நின்றால் அசையாமல் நில்லு, அது தலையைத் தாழ்த்தினால் ஓடிரு என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் தங்கள் வாட்சர்தான். அப்படி ஓடுவதற்கு மாட்டிடம் எழுதி வாங்கி வர வேண்டுமா, அல்லது தாங்களே பின்தேதியிட்டு அனுமதிப்பீர்களா?

நடைப்போட்டி என்று ஒலிம்பிக்கிலேயே ஒரு பந்தயம் இருக்கிறது. நடுவரின் வெறும் கண்ணுக்கு, ஒரு கால் எப்போதும் தரையில் இருப்பதாகத் தெரிய வேண்டும். முன்னால் வைத்த காலின் முழங்கால், உடம்பு அதற்கு நேர் மேலே வரும் வரை மடங்கக் கூடாது. மீறினால் முதலில் மஞ்சள் தட்டைக் காட்டி எச்சரிப்பார்கள். அப்புறம் சிவப்பு அட்டை. அந்த நடுவர்களை வளைவுக்கு ஒருவராகத் தாங்கள் நிறுத்தலாம். செங்குத்தான இறக்கத்தில் முழங்காலை மடக்காமல் நடந்தால் முகம்தான் முதலில் ஊர் போய்ச் சேரும், ஆனாலும் ஒழுங்காகப் போய்ச் சேரும். அட்டைக்குத் தனியாகச் செலவும் வேண்டாம். ஐப்பசியில் சோலைக்குள் கால் வைத்தால் காலுறை முழுக்க அதுவே வந்து ஒட்டிக்கொள்ளும்.

வெளிநாட்டு உதாரணம் காட்டினால் தங்களுக்குப் பிடிக்காது என்று தெரியும். இருந்தாலும், ஆல்ப்ஸில் மோன் பிளாங்க் மலையைச் சுற்றி 2003-லிருந்து ஓர் ஓட்டம் நடக்கிறது. பிரான்ஸ், இத்தாலி, சுவிட்சர்லாந்து என்று மூன்று நாட்டுப் பள்ளத்தாக்குகள் வழியாக 170 கிலோமீட்டர் போல வரும். ஏற்றத்தை மட்டும் கூட்டினால் ஏறக்குறைய 10,000 மீட்டர். முடிக்க 46 மணி 30 நிமிடம் தருகிறார்கள். நடுராத்திரியில் கிராமத்துச் சனம் வாசலில் நின்று மாட்டு மணியை ஆட்டி உற்சாகப்படுத்துகிறது. செங்குத்து ஏற்றத்தில் அங்கே பெரும்பாலோர் முழங்காலில் கையை ஊன்றி நடக்கத்தான் செய்கிறார்கள். தாங்கள் அங்கே பணியில் இருந்திருந்தால், "ஓட்டம்னு சொல்லிட்டு நடந்துட்டேன்" என்று அத்தனை பேரும் எழுதிக்கொடுத்திருப்பார்கள்.

நம் பக்கத்துக்கே வருவோம். கொடைக்கானல் வட்டக்கானலிலிருந்து வெள்ளகெவி வழியாகப் பெரியகுளம் பக்கத்துக் கும்பக்கரைக்கு ஒரு பாதை இறங்குகிறது. நான் பிடிபட்ட இடம் அதுவல்ல. தாங்கள் பதற வேண்டாம். மேலே சோலைக் குளிர், நடுவில் காப்பி, மிளகு, ஆரஞ்சு, கீழே வர வரப் பாறைச் சூடு, கடைசியில் பாம்பாறு. 1,000 மீட்டருக்கு மேல் இறக்கம். மலைக்குச் சாலை போடுவதற்கு வெகுகாலம் முன்பே மனிதர் ஏறி இறங்கிய தடம் அது. 1821-இல் கும்பினியின் நில அளவையாளர் வார்டு துரை வெள்ளகெவியில் தங்கி, அங்கிருந்துதான் கொடைக்கானல் மேட்டுக்கு ஏறினார். பாஸுக்கு மருத்துவச் சான்றிதழ் இணைத்தாரா, ஏறும்போது நடந்தாரா ஓடினாரா என்பது பற்றிக் குறிப்பில்லை. தங்களைப் போன்ற ஓர் அதிகாரி அடிவாரத்தில் இல்லாமல் போனது வரலாற்றுக்கு நேர்ந்த இழப்பு.

அந்த வெள்ளகெவிக்குள் யாரும் செருப்புப் போடுவதில்லை. வழியெங்கும் கோயில்கள். வெளியூர்க்காரனும் ஊர் எல்லையில் கழற்றிவிட வேண்டும். பல்லாயிரம் கொடுத்து வாங்கிய மலையோட்ட ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு, சரளைக் கல் குத்தக் குத்தத் தெருவைக் கடப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஒருவரும் முணுமுணுக்கவில்லை. அங்கே கம்பு கிடையாது, ரப்பர் ஸ்டாம்பு கிடையாது. திண்ணையில் இருக்கும் ஆத்தா ஒரு பார்வை பார்ப்பார், அவ்வளவுதான்.

வண்டிகள் விஷயத்தில் அரசு இன்னும் கனிவாக இருக்கிறது. 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் உண்டு. ஆனால் சீசன் சனிக்கிழமையில் மலைச்சாலை வளைவுகளைப் பாருங்கள். எந்தக் காரும் ஓடுவதில்லை. எல்லாம் ஒழுங்காக நடந்துகொள்கின்றன.

ஒன்றைப் பகடி இல்லாமல் சொல்லிவிடுகிறேன். 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் பற்றிய தீயில் சிக்கி 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். மலைக்குப் போகிற எவனும் அதை மறக்கமாட்டான். கோடையில் புல்மேடு காயும்போது பாதையை மூடுங்கள். மலையோடிகள் யாரும் மறுத்துப் பேசமாட்டோம். உள்ளே யார் இருக்கிறார்கள், எப்போது வெளியே வருவார்கள் என்று தெரிந்து வைத்துக்கொள்ளத்தான் சாவடியில் அந்தப் பதிவேடு. நான் மன்னிப்பு எழுதிக்கொண்டிருந்த நேரத்தில், தோளில் ஸ்பீக்கரைச் சுமந்துகொண்டு ஒரு கூட்டம் கம்பைத் தூக்கிவிட்டு உள்ளே போனது. கணக்கெடுக்க ஆள் இல்லை. பதிவேடு என் முழங்கைக்கு அடியில் மூடிக் கிடந்தது. அதன் மேல் தாளை வைத்துத்தான் நான் எழுதினேன். அவர்கள் திரும்பி வந்தார்களா? தங்களுக்குத் தெரியுமா? யாருக்காவது தெரியுமா?

மன்னிக்கவும். குரல் கொஞ்சம் ஓடிவிட்டது. நடைக்கு வருகிறேன்.

தங்கள் நேர்மையை நான் மெச்சாத நாளில்லை. பாதையைப் பாதுகாப்பது வேறு, பராமரிப்பது வேறு என்ற நுட்பமான பிரிவை முதலில் கண்டவர் தாங்கள். போன மழையில் சரிந்த திருப்பத்தில் மூங்கிலைக் கட்டிப் பிடிமானம் செய்தவர்கள் ஊர்க்காரர்கள். ஓடைக்குக் குறுக்கே கல் போட்டவர்களும் அவர்களே. சாலை எட்டாத மலைக் கிராமங்களுக்குத் தேர்தல் சமயத்தில் வாக்குப்பதிவு இயந்திரம் குதிரை மீதோ தலைச்சுமையாகவோ தவறாமல் போய்ச் சேருகிறது. அதே ஊர்களில் பிரசவ வலி எடுத்தவளைக் கம்பில் கட்டிய போர்வையில் போட்டு ஆண்கள் மாற்றி மாற்றித் தூக்கி இறக்குகிறார்கள், மழையில், டார்ச் வெளிச்சத்தில். எனக்கு ஓட்டம் ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு. அவர்கள் ஓடினால்தான் அந்தப் பிள்ளை பிழைக்கும். அந்தப் பாதையில் ஒரு கைப்பிடிக் கம்பி போட, ஒதுங்கி நிற்க ஒரு தகரக் கூரை போட, இத்தனை வருஷத்தில் ஒரு கோப்பு நகரவில்லை. நான் எழுதிக்கொடுத்த தாளுக்கு மட்டும் அன்றைக்கே எண் போட்டு, ஓட்டை குத்தி, நாடாவில் கோத்துவிட்டீர்கள்.

கோப்புகள் ஒழுங்காக நடந்துகொள்கின்றன என்று எடுத்துக்கொள்கிறேன். எந்தக் கோப்பும் ஓடி நான் பார்த்ததில்லை.

ஆகவே பணிவான ஒரே விண்ணப்பம். அடுத்த முறை மேல் ஊரிலிருந்து டோலி இறங்கும்போது, தாங்களும் மேலே போய் ஒரு முனையைத் தோளில் வாங்கிக்கொள்ள வேண்டும். தங்களுக்குப் பாஸ் தேவைப்படாது என்று நினைக்கிறேன். சாவடிக்கு வந்து சேர்ந்ததும், தாங்கள் வந்தது ஓட்டமா நடையா என்று பதிவேட்டில் தாங்களே எழுதிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
தங்கள் கோப்பில் உள்ள மலையோடி