நெயில் பாலிஷ் அக்கா

கும்மிடிப்பூண்டி சிப்காட்டைச் சுற்றியுள்ள மகளிர் விடுதிகளிலும் மாத வாடகை அறைகளிலும், அறைக்கு ஒருவர் இல்லாவிட்டாலும் மாடிக்கு ஒருவராவது இருப்பவர் நெயில் பாலிஷ் அக்கா. வயது இருபத்திரண்டும் இருக்கலாம், முப்பத்தைந்தும் இருக்கலாம். அக்கா என்ற பட்டம் வயதுக்காகக் கிடைத்ததில்லை. சீசாக்களின் எண்ணிக்கைக்காகக் கிடைத்தது. சொந்த ஊர் பெரும்பாலும் விழுப்புரம், கள்ளக்குறிச்சி, திருவண்ணாமலைப் பக்கம். வேலை, தின்பண்டம் பொட்டலம் கட்டும் ஆலையில். இல்லையென்றால் மின்னணுப் பாகம் பூட்டும் லைனில். அதுவும் இல்லையென்றால் கம்பெனி பஸ் ஏறி ஆந்திர எல்லை தாண்டி ஸ்ரீசிட்டியில். இதே வகையினர் திருவள்ளூரை ஒட்டிய காக்களூர் சிட்கோவிலும், தேர்வாய் கண்டிகையிலும் உண்டு. ஏறுகிற பஸ்தான் வேறு, குணம் ஒன்றே.

இவரைப் புரிந்துகொள்ள ஒரு விதி தெரிந்திருக்க வேண்டும். உணவு, மருந்து, மின்னணு ஆலைகளில் வேலை நேரத்தில் நகப்பூச்சுக்குத் தடை. காய்ந்த பூச்சு செதிலாக உதிரும். அந்தச் செதில் மிக்சர் பொட்டலத்தில் போய் உட்கார்ந்தால் வாடிக்கையாளர் புகார். சர்க்யூட் போர்டில் உட்கார்ந்தால் ரிஜெக்ட். அதனால் கேட்டில் கையை நீட்டச் சொல்லிப் பார்ப்பார்கள். ஆகவே அக்காவின் கலைக்கு ஆயுள், வார விடுப்புக்கு முந்தைய இரவில் தொடங்கி விடுப்பு நாள் இரவோடு முடிந்துவிடும். மற்ற ஓவியர்கள் காலத்தை வென்று நிற்க வரைகிறார்கள். இவர் ஃபர்ஸ்ட் ஷிஃப்டுக்கு முன்னால் அழிப்பதற்காக வரைகிறார். ஒரு நாள் கூத்துக்கு எதற்கு இந்தப் பாடு என்று கேட்பவர்களுக்கு அவர் பதில் சொல்வதில்லை. கேட்டவரின் கையைப் பிடித்து நகத்தைப் பார்ப்பார். பார்வையிலேயே கேள்வி அடங்கிவிடும்.

சேமிப்பு இருப்பது தீபாவளிக்குக் கம்பெனி கொடுத்த ஸ்வீட் பாக்ஸில். மைசூர்பாகு இருந்த இடத்தில் சீசாக்கள் தோளோடு தோள் நிற்கும். சில, புறநகர் ரயிலின் மகளிர் பெட்டியில் ஹேர்பின்னும் ஸ்டிக்கர் பொட்டும் விற்க வருகிறவரிடம் மீஞ்சூரில் பேரம் தொடங்கி, பொன்னேரியில் முடித்து வாங்கியவை. சில, சம்பளம் வந்த வாரம் பாரிமுனைக்குப் போய் மொத்தக் கடைகளில் அள்ளியவை. மீதி பஜார் ஃபேன்சி ஸ்டோர் சரக்கு. அங்கே அவர் வாங்கும் முறை கடைக்காரருக்கு மனப்பாடம்: பத்து விரலிலும் பத்து நிறம் போட்டுப் பார்த்து, வெளிச்சத்தில் போய் நின்று, திரும்பி வந்து, பதினொன்றாவதாக நிறமே இல்லாத டிரான்ஸ்பரன்ட் ஒன்றை எடுப்பார். டாடா குழுமம் 1952-ல் தொடங்கி, பிறகு இந்துஸ்தான் லீவருக்குக் கைமாறிய லாக்மேயின் சீசா பெட்டியில் ஒன்றே ஒன்று இருக்கும். மற்ற பத்து ரூபாய், இருபது ரூபாய்ச் சீசாக்களுக்கு நடுவே அது மூத்த மருமகள் தோரணையில் நிற்கும். கல்யாண வீடு போன்ற விசேஷத்துக்கு மட்டுமே அதன் மூடி திறக்கும்.

சீசாவின் அடியில் கம்பெனிக்காரன் ஒட்டிய பெயரை அக்கா மதிப்பதில்லை. அவரே பெயர் வைப்பார். அடர் ஆரஞ்சுக்கு ‘பழவேற்காட்டு நண்டு’, அதுவும் வெந்த பிறகு. வெளிறிய இளஞ்சிவப்புக்குப் ‘பூநாரை’. பழுப்புக்குக் ‘கம்பித் துரு’. உருக்காலைகள் நிறைந்த ஊரில் இதற்கு விளக்கம் தேவையில்லை. சாம்பல் நிறம் ‘எண்ணூர்’. இந்தப் பட்டியல் அறை முழுவதற்கும் பொதுமொழி. “அக்கா, எண்ணூர் தீர்ந்துடுச்சா?” என்று ஒரு பெண் கேட்டால் மற்றவர்கள் தலைநிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை.

சீசாவுக்குள் இருக்கும் பொருளின் பூர்வீகம் அவ்வளவு சாதுவானதல்ல. அடிப்படைச் சரக்கு நைட்ரோசெல்லுலோஸ்: பஞ்சு அல்லது மரக்கூழை நைட்ரிக், கந்தக அமிலங்களில் ஊறவைத்தால் கிடைப்பது. இதன் உக்கிரமான வடிவம்தான் வெடிபஞ்சு. நீலகிரி அருவங்காட்டுத் தொழிற்சாலை தோட்டாவுக்கான உந்துமருந்தை இந்தக் குடும்பத்திலிருந்துதான் செய்கிறது. ஊமைப்பட காலத்துச் சினிமா ரீலும், 1920-களின் மோட்டார் கார் பெயின்ட்டும் இதே வம்சம். நகப்பூச்சில் இதை எத்தில் அசிட்டேட், பியூட்டைல் அசிட்டேட் என்ற கரைப்பான்களில் கரைத்திருப்பார்கள். தடவியதும் கரைப்பான் ஆவியாகிப் பறந்துவிட, மெல்லிய ஏடு நகத்தில் தங்கும். ஏடு வளைந்துகொடுக்க ஒரு பொருள், ஒட்டிக்கொள்ள ஒரு பிசின், நிறமி, மினுமினுப்புக்கு அபிரகம், நிறமி அடியில் படியாமல் தாங்கிப் பிடிக்க ஒருவகைக் களிமண்: கூட்டு அவ்வளவுதான். சீசாவை ஆட்டினால் கடகடவென்று கேட்பது, கலக்குவதற்காகப் போட்ட எஃகு குண்டு. அக்கா சீசாவைக் குலுக்கமாட்டார். இரு உள்ளங்கைக்கும் நடுவே வைத்து உருட்டுவார். குலுக்கினால் காற்றுக் குமிழி நுழைந்து நகத்தில் அம்மை போட்டதாகத் தெரியும் என்பது அவர் பாடம்.

ஆனால் சீசா கெட்டியாகிவிட்டால் மட்டும் அவருடைய விஞ்ஞானம் ஆட்டம் கண்டுவிடும். நாலு சொட்டு ரிமூவரை ஊற்றிக் கலக்குவார். அன்றைக்கு நன்றாக இளகும். ரிமூவரில் இருக்கும் அசிட்டோன் சீக்கிரம் பறந்துபோவதால் அடுத்த வாரம் சீசாவுக்குள் ஜவ்வு மிட்டாய்தான். இதற்கென்று விற்கும் தின்னரை ஊற்றியிருந்தால் பிழைத்திருக்கும். அதை வாங்கும் காசுக்குப் புதிய சீசாவே வாங்கிவிடலாம் என்பது அவர் கணக்கு. அதையும் குறை சொல்வதற்கில்லை.

இனி, போடும் கட்டம். இரவுச் சாப்பாடு முடிந்து, தட்டு கழுவி, மறுநாள் துணியும் ஊறவைத்த பிறகே பெட்டி திறக்கும். பிறகு தண்ணீரில் கை வைக்க முடியாது. முதலில் நிறமற்ற அடிப்பூச்சு. அது இல்லாமல் அடர் சிவப்பைப் போட்டால், அழித்த பிறகும் நகத்தில் மஞ்சள் கறை நிற்கும்; கேட்டில் அது மஞ்சள்காமாலை விசாரணை வரை போகும். பிறகு நடுவில் ஒரு இழுப்பு, பக்கத்துக்கு ஒன்று, ஆக மூன்று. இடது கை அச்சில் வார்த்ததுபோல் அமையும். வலது கை, இடது கை போட்டது என்பதை ஒளிக்காமல் காட்டும். அக்காவுக்கு இது தெரியும். அதனால் படம் எடுக்கும்போது அவர் முகவாயில் ஊன்றுவது எப்போதும் இடது கைதான்.

மற்றவர்களுக்குப் போட்டுவிடும்போது ஆலையில் கற்ற எட்டு மணி நேர ஒழுங்கு முழுவதும் வெளிப்படும். வரிசையாக உட்காரவைப்பார். ஒருத்தி நகத்துக்கு முதல் பூச்சு, அது காயும் நேரத்தில் அடுத்தவளுக்கு. லைன் நிற்கக் கூடாது. முடிந்ததும் டியூப்லைட்டுக்கு நேரே விரலைத் தூக்கிப் பிடித்துப் பார்த்து, “மோதிர விரல் ரீவொர்க்” என்று தீர்ப்புச் சொல்வார். மேல்முறையீடு கிடையாது.

காயவைப்பதில்தான் அறையின் ஒற்றுமை சோதிக்கப்படுகிறது. தொட்டால் ஒட்டாத நிலை சில நிமிடங்களில் வந்துவிடும். உள்ளே இறுகுவதற்கு மணிக்கணக்கில் ஆகும். அவசரப்பட்டு ஃபேனுக்கு நேரே நீட்டினால் மேலேடு முதலில் காய்ந்து, உள்ளே சிக்கிய கரைப்பான் குமிழியாக எழும்பும். பத்து விரலையும் விரித்துப் பிடித்து அக்கா உட்கார்ந்த நொடியிலிருந்து அவருக்கு மூக்கு அரிக்கும், ஊரிலிருந்து அம்மா போன் பண்ணுவார், தலைமுடி வாய்க்குள் போகும். “ஏய், அந்த முடிய எடுத்து விடுடி... அப்படியே போனையும் காதுல வை.” கரன்ட் போனால் புழுக்கத்தில் எல்லாரும் விசிறிக்கொள்வார்கள், அக்காவுக்கு யாராவது விசிறவேண்டும். படுத்துத் தூங்கிவிட்டால், காலையில் போர்வையின் நெசவு நகத்தில் பதிந்திருக்கும். அதைப் புது டிசைன் என்று அறிவித்த அக்காக்களும் உண்டு.

டிசைன் தனிப் பிரிவு. கருவிகள் எல்லாம் அறையிலேயே கிடைப்பவை. ஹேர்பின்னின் உருண்ட முனை புள்ளிக்கு. ஊக்கு, பூவின் இதழை இழுப்பதற்கு. செலோ டேப், நேர்கோட்டுக்கு. பாத்திரம் தேய்க்கும் பஞ்சில் ஒரு துண்டு, ஒரு நிறம் இன்னொன்றில் கரைவதற்கு. ஐந்து புள்ளி வைத்து நடுவே ஒரு புள்ளி வைத்தால் பூ. மார்கழிக் கோலத்தில் பழகிய கைக்கு இது பெரிய வித்தையில்லை. சிரமமெல்லாம் வாசலின் அளவில்தான். யூடியூப் பார்த்துச் செய்யும் நீர்ப்பளிங்கு வேலை மட்டும் இன்னும் வசப்படவில்லை. குவளைத் தண்ணீரில் சொட்டுச் சொட்டாக நிறங்களை விட்டு, வளையம் வளையமாக விரியவைத்து, குச்சியால் கோலம் இழுத்து, விரலை முக்கி எடுக்கவேண்டும். வீடியோவில் நகத்தில் மயில் தோகை வரும். அறையில் விரல் முழுவதும் பெயின்ட் வரும், கூடவே ஹாஸ்டல் குவளை ஒன்று நிரந்தரமாக நிறம் மாறும். விரலைச் சுற்றி முன்கூட்டியே ஃபெவிகால் தடவிக் காயவிட்டால் சிந்தியதை அப்படியே உரித்தெடுக்கலாம் என்று கண்டுபிடித்த பிறகு அக்காவின் மதிப்பு ஒரு படி உயர்ந்தது. அடிப்பூச்சாகவே ஃபெவிகாலைத் தடவினால் மறுநாள் ரிமூவர் இல்லாமலே பூச்சு உரிந்துவரும். பல சமயம் மறுநாள் வரைகூடக் காத்திருக்காது. சாம்பார் சாதம் பிசையும்போதே வந்துவிடும்.

ஜெல் பாலிஷ் பக்கம் அக்கா போவதில்லை. அது காற்றில் காயாது. புற ஊதா விளக்கின் அடியில் மூலக்கூறுகள் பின்னிக்கொண்டு இறுகும். அரைகுறையாக இறுகினால், அதிலுள்ள மெத்தாக்ரிலேட் தோலில் பட்டு ஒவ்வாமை வரலாம். ஒருமுறை வந்தால் ஆயுளுக்கும் தொடரக்கூடும். ஜெல்லை இறுகவைக்கும் டிபிஓ என்ற பொருளை 2025 செப்டம்பர் 1 முதல் ஐரோப்பிய ஒன்றியம் தடைசெய்துவிட்டது. அக்காவின் மறுப்புக்குக் காரணம் இவை எதுவுமில்லை. இரண்டு வாரம் போகாது என்பதுதான் ஜெல்லின் விளம்பரம். அக்காவுக்கு அதுதான் பயம்.

ஏனென்றால் அவருடைய உண்மையான தேர்ச்சி அழிப்பதில் இருக்கிறது. விடுப்பு நாள் இரவு ஒன்பது மணிக்குப் பஞ்சும் ரிமூவரும் வெளியே வரும். அசிட்டோன் கலந்தது வேகம். நகத்தையும் தோலையும் வெளுக்கவைக்கும். கலக்காதது எத்தில் அசிட்டேட் வகை, மெதுவாகப் போகும். ரிமூவர் தீர்ந்த இரவுகளுக்கு மாற்று வைத்தியங்கள் உண்டு. சானிடைசரும் பாடி ஸ்ப்ரேயும் தேய்க்கத் தேய்க்க ஓரளவு வேலை செய்யும். பற்பசை சுரண்டும், அவ்வளவே. உருப்படியானது ஒன்று: பழைய பூச்சின் மேல் புதிய பூச்சைத் தடவி, காய்வதற்குள் துடைத்துவிடுவது. புதியதில் இருக்கும் கரைப்பான் பழையதையும் இளக்கிக்கொண்டு வரும். ஜிகினா பூச்சு மட்டும் எளிதில் மசியாது. ரிமூவரில் நனைத்த பஞ்சை நகத்தில் வைத்து, பரோட்டா பார்சலில் வந்த அலுமினியத் தாளால் பத்து நிமிடம் சுற்றிவைக்கவேண்டும். பத்து விரலிலும் வெள்ளித் தொப்பியோடு உட்கார்ந்திருக்கும் அக்காவிடம் அந்த நேரத்தில் யாரும் வாடகைப் பணம் கேட்பதில்லை.

அசிட்டோனுக்கு இரண்டு துர்க்குணங்கள். ஒன்று, அது பிளாஸ்டிக்கைத் தின்னும். தெர்மகோல் கரையும், போன் கவர் மங்கும், டிவி ரிமோட்டில் எண்கள் அழியும். அக்கா இருக்கும் அறையில் எந்த பட்டன் எந்த சேனல் என்பது விரல் ஞாபகம்தான். மற்றது தீ. தண்ணீரின் உறைநிலைக்குக் கீழே இருபது டிகிரியிலேயே பற்றக்கூடிய ஆவியை விடுவது அது. கும்மிடிப்பூண்டி வெயிலில் சொல்லவேண்டியதில்லை. கம்பெனி பாதுகாப்பு வகுப்பில் தூங்கிய அக்கா இதை மட்டும் கேட்டு வைத்திருக்கிறார். கொசுவர்த்தியை அணைக்கச் சொல்வார், ஜன்னலைத் திறக்கச் சொல்வார். அப்போது தொடங்கும் அடுத்த சிக்கல். சுற்றிலும் ரசாயன ஆலைகள் உள்ள ஊரில் ராத்திரி வாடை என்றால் ஜனங்களுக்கு ஒரே அர்த்தம்தான்.

“இன்னாம்மா வாடை அடிக்குது? எந்தக் கம்பெனில தொறந்து உட்டான்?” என்று கீழே இருந்து வீட்டுக்கார அம்மா குரல் கொடுப்பார்.

“நம்ம ரூம்தாம்மா.”

“நீயா? சரி சரி. அந்த ரோஸு இருந்தா நாளைக்கு எடுத்துனு வா.”

அக்காவின் ரிமூவர் தோற்ற இடம் ஒன்று உண்டு. 2024 ஏப்ரல் 19, மக்களவைத் தேர்தல். திருவள்ளூர் தொகுதியில் வாக்களித்த அக்காக்களின் இடது ஆள்காட்டி விரலில் மைசூர் பெயின்ட்ஸ் நிறுவனத்து மை ஏறியது. 1962 பொதுத்தேர்தலிலிருந்து புழங்கும் சரக்கு. அதிலுள்ள வெள்ளி நைட்ரேட் தோலோடும் நகத்தோடும் வினைபுரிந்து வெளிச்சத்தில் கறுத்துவிடும். மேலே ஏடாகப் படிந்தால் அல்லவா கரைப்பதற்கு? அசிட்டோன், சானிடைசர், பற்பசை மூன்றையும் அக்கா போட்டுப் பார்த்தார். நகம் மாதத்துக்கு ஏறக்குறைய மூன்று மில்லிமீட்டர் வளரும். அந்த வேகத்தில்தான் மை நகர்ந்தது. ஆலை கேட்டில் சோதனையின்றி அனுமதி பெற்ற ஒரே நகப்பூச்சு அதுதான். அக்காவுக்கு அதில் கொஞ்சம் பொறாமையும் உண்டு.

கேட்டில் கை பார்க்கும் செக்யூரிட்டி அம்மாவுக்கும் அக்காவுக்கும் நடப்பது பழைய ஆட்டம். நகத்தின் ஓரத்தில், சதையோடு சேரும் மடிப்பில் ஒரு மயிரிழைச் சிவப்பு எப்போதும் தப்பித்து நிற்கும். அதைத் தேடுவது அவர் கடமை. விரலை மடக்கி நீட்டி வேகமாகக் காட்டுவது இவர் திறமை. கால் விரலை யாரும் பார்ப்பதில்லை. பாதுகாப்பு ஷூவுக்குள் பழவேற்காட்டு நண்டும் பூநாரையும் வாரக்கணக்கில் சுகமாக வாழும்.

ஆயுத பூஜை அன்று மட்டும் விதி தளரும். மெஷினுக்குச் சந்தனம், குங்குமம், பொரி, பூசணிக்காய், பெண்களுக்குப் பட்டுப்புடவை. லைன் ஓடாத நாளில் செதில் உதிர்ந்தாலும் புகாரில்லை. முந்தைய இரவு அக்காவின் அறை வாசலில் செருப்புகள் படிக்கட்டு வரை நிற்கும். லாக்மே சீசா திறக்கும். வரிசையின் கடைசியில், மற்ற நாளெல்லாம் நகம் பார்க்கிற செக்யூரிட்டி அம்மாவும் கையை நீட்டுவார். புடவைக்கு ஏற்ற நிறம், மோதிர விரலில் பூ, இரண்டு பூச்சு, எல்லாம் இலவசம். விஜயதசமி விடுமுறை முடிவதற்குள் அழித்துவிட வேண்டும். ரிமூவரை மட்டும் அவரவர்தான் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று அக்கா எல்லாருக்கும் போலவே அவருக்கும் சொல்லி அனுப்புவார்.