மூன்று கிராம் சர்க்கரை

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை வீட்டில் பீர் காய்ச்சப் பழகுகிறவர்களுடையவை. எல்லாருக்கும் ஒரே இடத்தில்தான் கை நடுங்குகிறது: பாட்டிலில் அடைக்கும் நாளில்.

கே: இரண்டு வாரம் நொதித்து முடிந்த பீரில் மறுபடி எதற்குச் சர்க்கரை? (ஹாரோ, லண்டன்)

ப: நுரைக்காக. வாளியில் நொதிக்கும்போது ஈஸ்ட் விட்ட கார்பன் டை ஆக்சைடில் பெரும்பகுதி, வாயுவை மட்டும் வெளியே விடும் ஏர்லாக் மூடி வழியே ‘ப்ளுக், ப்ளுக்’ என்று வெளியே போய்விட்டது. அறை வெப்பம் 20 டிகிரி என்றால், லிட்டருக்கு ஏறத்தாழ 1.7 கிராம் வாயுதான் பீரில் மிச்சம். குடித்துப் பாருங்கள், சப்பென்று இருக்கும். நுரை ததும்புகிற சாதாரண ஏலுக்கு 4.7 கிராமாவது வேண்டும். ஒரு கிராம் சர்க்கரையைத் தின்றால் ஈஸ்ட் சுமார் அரை கிராம் வாயு விடும். குறைகிற 3 கிராமுக்கு, லிட்டருக்கு 6 கிராம் சர்க்கரை. மூடி போட்ட பிறகு வாயு போக வழியில்லை, பீருக்குள்ளேயே கரைந்துவிடும். உங்கள் ஊர் பிட்டர் ஏலுக்கு 4 கிராமே போதும். ஜெர்மன் கோதுமை பீருக்கு 10 வரை போகும். அதற்குத் தடித்த பாட்டில் வேண்டும்.

கே: போத்தலுக்குள்ளேயே தேக்கரண்டியால் சீனியைப் போட்டால் என்ன பிழை? (ஸ்கார்பரோ, கனடா)

ப: பிழை சீனியில் இல்லை, கரண்டியில். அரை லிட்டர் போத்தலுக்கு வேண்டியது 3 கிராம். தலை தட்டிய தேக்கரண்டியே 4 கிராம் பிடிக்கும், குவித்து அள்ளினால் 6, 7 ஆகிவிடும். நாற்பது போத்தலுக்கு நாற்பது முறை அள்ளும்போது கை ஒரே அளவில் நிற்காது. ஒன்று சீறும், அடுத்தது ஊமையாக இருக்கும். அதோடு, காய்ந்த சீனி விழுந்ததுமே பீரில் இருக்கிற கொஞ்ச வாயுவும் பொங்கி வழியும்.

இப்படிச் செய்யுங்கள். வாளியில் 20 லிட்டர் இருந்தால் 120 கிராம் சீனியைத் தராசில் நிறுங்கள். ஒரு கப் தண்ணீரில் கரைத்து ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு ஆற்றுங்கள். கிருமி நீக்கிய இன்னொரு வாளியில் முதலில் பாகு, அதன்மேல் பீர். பீரை இறக்கும் குழாயின் நுனி வாளியின் அடியைத் தொட்டபடி இருக்கட்டும். பீர் சுழன்றுகொண்டே ஏறும், பாகும் தானாகக் கலக்கும். சளசளவென்று மேலிருந்து ஊற்றாதீர்கள். காற்று கலந்தால் ஒரே மாதத்தில் பீரில் நனைந்த அட்டை வாசம் வரும். கழுத்தில் இரண்டு விரற்கடை இடம் விட்டு மூடுங்கள்.

கே: எனக்குத் தராசும் வேண்டாம், பாகும் வேண்டாம். சுலப வழி உண்டா? (மெல்பர்ன்)

ப: உங்கள் நாட்டிலேயே இருக்கிறது. அடிலெய்டின் கூப்பர்ஸ் நிறுவனம் இதற்கென்றே சர்க்கரை மிட்டாய் விற்கிறது. 375 மில்லி பாட்டிலுக்கு ஒன்று, 750க்கு இரண்டு. அரை லிட்டர் பாட்டிலுக்கு இரண்டு போட்டால் அதிகம்.

கே: கருப்பட்டி போடலாமா? (சிங்கப்பூர்)

ப: போடலாம். ஈஸ்ட் ஆசையாகத் தின்னும். ஆனால் கட்டிக்குக் கட்டி ஈரம் மாறுவதால் அளவு பிசகும்; மண் வேறு இருக்கும், வடிகட்ட வேண்டும். இத்தனை பாடுபட்டும் லிட்டருக்கு 6 கிராமில் கருப்பட்டி மணம் நாக்குக்கு எட்டாது. மணம்தான் வேண்டுமென்றால் மால்ட் காய்ச்சும்போதே சேருங்கள். பாட்டிலுக்கு வெள்ளைச் சர்க்கரையே நல்லது.

கே: பாட்டில் வெடிக்கும் என்கிறார்களே, உண்மையா? (நியூ ஜெர்சி)

ப: உண்மை. இந்தப் பக்கத்தில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

வெடிப்புக்குப் பெரும்பாலும் காரணம் நீங்கள் போட்ட சர்க்கரை அல்ல, நொதிக்காமல் மிச்சம் நின்ற சர்க்கரை. அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டர் 1.012இல் நிற்க வேண்டிய பீரை 1.016இலேயே அவசரப்பட்டு அடைத்தால், அந்த நான்கு புள்ளி மிச்சம் உள்ளே நொதித்து வாயுவைக் கிட்டத்தட்ட இரண்டு மடங்காக்கும். ஏர்லாக்கில் குமிழி நின்றுவிட்டது என்பது சாட்சி ஆகாது. ஹைட்ரோமீட்டரை மிதக்கவிடுங்கள், இரண்டு நாள் கழித்து மறுபடி பாருங்கள். இரண்டு தடவையும் ஒரே எண், அதுவும் செய்முறை சொன்ன எண்ணை ஒட்டி இருந்தால்தான் மூடியைக் கையில் எடுக்கலாம்.

ஒரு பிளாஸ்டிக் சோடா பாட்டிலிலும் கொஞ்சம் அடைத்து வையுங்கள். அமுக்கினால் கல் மாதிரி இருந்தால் வாயு ஏறிவிட்டது. கண்ணாடி பாட்டில்களை மூடிய அட்டைப்பெட்டியில், குழந்தைகள் போகாத இடத்தில் வையுங்கள். ஒன்று வெடித்தால் மற்றவற்றை வெறுங்கையால் தொடாதீர்கள். கண்ணுக்குக் காப்பு, தடித்த கையுறை இரண்டும் அணிந்து, குளிரவைத்த பிறகே மூடியைத் தளர்த்துங்கள்.

கே: பாட்டிலில் சர்க்கரை போட்டு நுரைக்கவைக்கும் இந்த வித்தையை யார் கண்டுபிடித்தது? (பர்மிங்காம்)

ப: ஒருவர் பெயரைச் சொல்ல முடியாது. லண்டன் செயின்ட் பால் பேராலயத்து டீன் அலெக்சாண்டர் நவல், மீன்பிடிக்கப் போன இடத்தில் ஏல் பாட்டிலைப் புல்லில் மறந்துவிட்டு, சில நாள் கழித்துத் திறந்தபோது துப்பாக்கி மாதிரி வெடித்ததாக ஒரு கதை உண்டு. தாமஸ் ஃபுல்லரின் நூலில் 1662இல் அச்சானது. அதே ஆண்டு டிசம்பரில் கிறிஸ்டஃபர் மெரட், ஒயினில் சர்க்கரை சேர்த்து நுரைக்கவைக்கும் வழக்கத்தை லண்டன் ராயல் சொசைட்டியில் வாசித்தார். ஈஸ்ட் என்ற உயிர் உண்டென்று தெரியாத காலத்திலேயே சர்க்கரையின் வேலையைக் கை கண்டுபிடித்துவிட்டது. அந்தக் கைகளை வணங்கத் தோன்றுகிறது.

கே: நானும் செய்து பார்க்கலாமா? (மதுரை)

ப: கூடாது. தமிழ்நாட்டில் 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி உரிமம் இல்லாமல் வீட்டில் மது தயாரிப்பது குற்றம். பிரிட்டனிலும் 1963 வரை உரிமம் தேவைப்பட்டது. அமெரிக்காவில் மத்திய சட்டம் வழிவிட்டது 1978இல்தான். நீங்கள் வாசிப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கே: அடியில் வண்டல் படிகிறது. கெட்டுவிட்டதா? (டப்ளின்)

ப: இல்லை, அது வேலை முடித்துப் படுத்த ஈஸ்ட். மெதுவாக ஊற்றி, கடைசி ஒரு விரற்கடையைப் பாட்டிலிலேயே விடுங்கள்.

கே: முதல் பாட்டிலை என்றைக்குத் திறக்கலாம்? (ஹாரோ அன்பரே மறுபடியும்!)

ப: 20 டிகிரி அறையில் இரண்டு வாரம். குளிர்ந்த நிலவறை என்றால் இன்னும் இரண்டு வாரம். திறப்பதற்கு முந்தின நாள் ஃபிரிஜ்ஜில் வையுங்கள். குளிர்ந்தால்தான் வாயு பீரில் தங்கும். ஒரே ஒரு பாட்டில் மட்டும் திறங்கள். ‘ட்ஸ்ஸ்’ என்று சத்தம் வந்தால் எனக்கு எழுதுங்கள். வராவிட்டாலும் எழுதுங்கள். எத்தனை கிராம் போட்டீர்கள், அறை எத்தனை டிகிரி, ஹைட்ரோமீட்டர் கடைசியாகக் காட்டிய எண் என்ன என்று மூன்றையும் குறித்து அனுப்புங்கள்.