லஞ்ச் ரூம் எம்.எல்.ஏ.

சாம்பார் சாதம் சூடாக இரண்டரை நிமிஷம் ஆகும். தயிர் சாதக்காரர்கள் தப்பித்தார்கள். எனக்கு மைக்ரோவேவ் தேவைப்பட்டது. ஆகவே நான்கு வருஷம் எம்.எல்.ஏ.விடம் மாட்டிக்கொண்டிருந்தேன்.

ஒஹையோவில், கொலம்பஸ் நகரத்துக்கு வெளியே, சோளக்காடு முடிந்து கார் பார்க்கிங் ஆரம்பிக்கிற இடத்தில் எங்கள் ஆபீஸ். டீமில் தமிழர்கள் நாலு பேர். ஆளை எதிரில் வைத்துக்கொண்டே ஆளைப் பற்றிப் பேச வேண்டியிருந்ததால் பட்டப்பெயர் அவசியமாயிற்று. முதலில் 'செனட்டர்' என்றுதான் வைத்தோம். அது அவருக்கே புரிந்துவிடுமே என்று மதுரைக்காரன் ஒருவன் 'எம்.எல்.ஏ.' ஆக்கினான். ஒருநாள் அவரே கேட்டுவிட்டார், அதென்ன அடிக்கடி எம்மெல்லே எம்மெல்லே என்கிறீர்கள் என்று. "எங்க ஊர்ல பெரிய மனுஷங்களை அப்படித்தான் கூப்பிடுவோம்" என்றான் மதுரை. பொய்யும் இல்லை.

அவருக்கு அப்போது 58 வயது. டேட்டாபேஸ் பார்க்கிற வேலை. கழுத்தில் தொங்கும் கண்ணாடி, முழங்கை வரை மடித்த சட்டை. சட்டைப் பையில் உள்ளங்கை அளவு அரசியல் சாசனப் புத்தகம், அதை ஒட்டினாற்போல் சர்க்கரை மாத்திரை டப்பா. அமெரிக்க ஆபீஸ்களில் இந்த வகையறா இல்லாத மாடி கிடையாது. அரசியல் பேசுவது பெரிய விஷயமில்லை, எல்லோரும்தான் பேசுகிறார்கள். எங்கே ஆரம்பித்தாலும் மூன்றாவது வாக்கியத்தில் வாஷிங்டன் போய்ச் சேர்வதுதான் இவர்களுடைய சாமர்த்தியம். பேப்பர் டவல் தீர்ந்துவிட்டது என்று சொல்லிப் பாருங்கள். ஆமாம், காலையில்தான் புது ரோல் போட்டார்கள். யாரோ காசு கொடுத்தால் எல்லோரும் உருவத்தான் உருவுவார்கள். இதைத்தான் அங்கே நாடு முழுக்கச் செய்யப் பார்க்கிறான்கள்.

கெட்டவர் கிடையாது. என் முதல் பனிக்காலத்தில் கார் பள்ளத்தில் இறங்கிவிட்டது. நடு ராத்திரி பதினோரு மணிக்குத் தன் டிரக்கில் சங்கிலியோடு வந்து இழுத்துவிட்டவர் அவர்தான். தனி மனிதன் தனி மனிதனுக்கு உதவினால் போதும், அரசாங்கம் எதற்கு என்று வீடு வரைக்கும் விளக்கிக்கொண்டே வந்தார். எங்களுக்கு முன்னால் பனியைத் தள்ளிக்கொண்டு போன வண்டியில் கவுன்டி முத்திரை இருந்தது. நான் அதைப் பார்த்தேன். அவரும் பார்த்தார். பேச்சை பேஸ்பாலுக்கு மாற்றினார்.

2009 கோடையில் ஒபாமாவின் மருத்துவக் காப்பீட்டு மசோதா வந்து சேர்ந்தது. அதுவரை பேப்பர் டவலை வைத்துக்கொண்டு கஷ்டப்பட்ட மனிதருக்கு ஐப்பசி அடைமழை. அந்த ஆகஸ்டில் எம்.பி.க்கள் ஊர் ஊராகக் கூட்டம் போட, ஜனங்கள் எழுந்து நின்று கத்தினார்கள். கிழவர்களை வாழவிடுவதா வேண்டாமா என்று முடிவுசெய்ய அரசாங்கம் 'மரணக் கமிட்டி' வைக்கப்போகிறது என்று குடியரசுக் கட்சியின் சாரா பேலின் கிளப்பிவிட்டார். மசோதாவில் இருந்தது வேறு: கடைசிக் காலத்தில் என்ன சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று டாக்டரோடு பேச விரும்பினால், அந்தப் பேச்சுக்கான ஃபீஸை மெடிகேர் கொடுக்கும். அவ்வளவுதான். தெற்கு கரோலினாவில் ஒருவர், அரசாங்கம் என் மெடிகேரில் கை வைக்கக்கூடாது என்று தன் எம்.பி.யையே எச்சரித்த செய்தி பத்திரிகையில் வந்தது. மெடிகேர் என்பது 65 வயதானவர்களுக்காக 1965-ல் சட்டம் போட்டு அரசாங்கமே நடத்துகிற காப்பீடு. ரேஷன் கடையில் அரசாங்கம் தலையிடக்கூடாது என்று சொல்வது மாதிரி.

இதைச் சொல்லி நாங்கள் சிரித்தபோது எம்.எல்.ஏ. சிரிக்கவில்லை. அவருக்கு அதில் குடும்ப சரித்திரமே இருந்தது. மெடிகேர் வருவதற்கு முன், 1961-ல், ரொனால்ட் ரீகன் அதற்கு எதிராகப் பேசி ஓர் இசைத்தட்டு வந்தது. அப்போது அவர் ஜனாதிபதி இல்லை, நடிகர். டாக்டர்கள் சங்கம் போட்ட தட்டு. டாக்டர் வீட்டு அம்மாக்கள் அக்கம்பக்கத்தாரைக் காபிக்குக் கூப்பிட்டு அதைப் போட்டுக் காட்டுவார்கள். எம்.எல்.ஏ.வின் தாயார் அப்படி ஒரு காபிக்குப் போய்விட்டு வந்து, நாடு கெட்டது என்று அழுதாராம். "அப்புறம்?" என்று கேட்டேன். அப்புறம் என்ன, மெடிகேர் வந்தது, தாயார் அதிலேயே இரண்டு இடுப்பெலும்பும் மாற்றிக்கொண்டு 91 வயது வரை இருந்தார். இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் சங்கடத்தின் சாயல்கூட இல்லை.

எம்.எல்.ஏ. என்று ஒருவர் இருந்தால் எதிர்க்கட்சி வேண்டாமா? அது டெஸ்டிங் டீமில் இருந்தது. ஐம்பதைத் தொட்ட அம்மாள், சைக்கிளில் வருவார், ஹெல்மெட்டைக் கழற்றாமலே விவாதத்தில் இறங்குவார். அவருடைய தங்கை டொரன்டோவில் வாழ்க்கைப்பட்டிருந்தார். ஆகவே எதைச் சொன்னாலும் கனடா. கனடாவில் பிரசவத்துக்குப் பில் கிடையாது, பார்க்கிங்குக்கு மட்டும்தான் காசு. கனடாவில் முழங்கால் ஆபரேஷனுக்கு எத்தனை மாசம் காத்திருக்க வேண்டும் தெரியுமா என்று எம்.எல்.ஏ. திருப்பி அடிப்பார். பாவம் அந்தத் தங்கை. அவருடைய முழங்கால், பித்தப்பை, இரண்டு பிரசவம் எல்லாம் எங்கள் லஞ்ச் ரூமில் பொதுச்சொத்தாக இருந்தன.

இரண்டு பேருக்கும் சாட்சி தேவைப்பட்டபோது அகப்பட்டவன் நான். சாதம் உள்ளே சுற்றிக்கொண்டிருக்கும், ஓட முடியாது. "சொல்லு, உங்க நாட்டுல அரசாங்க ஆஸ்பத்திரி எப்படி?" என்பார் எம்.எல்.ஏ., மோசம் என்று சொல்வேன் என்ற நம்பிக்கையில். "இலவசம்தானே? சொல்லு!" என்பார் எதிர்க்கட்சி. நான் கும்பகோணம் பெரியாஸ்பத்திரியில் பிறந்தவன். இலவசம்தான், கூட்டம்தான், நல்ல டாக்டர்களும் உண்டு, பாதி ஊர் அங்கே போகும், கையில் காசு சேர்ந்ததும் பிரைவேட்டுக்கு ஓடும், அங்கே காசு தீர்ந்ததும் திரும்பி ஜி.ஹெச்.சுக்கே வரும் என்று சொன்னேன். இருவருக்கும் திருப்தியில்லை. அந்த ஜூலையில்தான் தமிழ்நாட்டில் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் தொடங்கியிருந்தது, ஒரு குடும்பத்துக்கு 1 லட்சம் ரூபாய் வரை. அதையும் சொன்னேன். "எதிர்ப்பு இல்லையா? தெருவில் இறங்கவில்லையா?" என்று எம்.எல்.ஏ. வியந்தார். எங்கள் ஊரில் சண்டை வேறு மாதிரி, அட்டையில் யார் படம் போடுவது என்பதில் வரும் என்று விளக்கினேன். ஆட்சி மாறியது, 2012-ல் திட்டத்தின் பெயரும் மாறியது. அந்தச் செய்தியைக் காட்டியபோது மனிதர் நெடுநேரம் யோசித்துவிட்டு, "அப்போ வைத்தியம் நடக்குதா இல்லையா?" என்று கேட்டார். நடக்கிறது என்றேன். அவருக்கு அது பிடிக்கவில்லை.

2009 அக்டோபர் கடைசியில் கீழ்ச்சபையின் மசோதா வெளியானது. 1,990 பக்கம். ஒருத்தனும் படிக்காமல் ஓட்டுப் போடப்போகிறான் என்று சீறிய எம்.எல்.ஏ., நான் படிக்கிறேன் பார் என்று ஆபீஸ் பிரிண்டரில் போட்டார். காகிதம் தீர்ந்தது, பிறகு மை தீர்ந்தது. சம்பள நாள் ரிப்போர்ட் எடுக்க வந்த பெண்மணிக்கு வெற்று வெள்ளைத் தாள் வந்தது. விஷயம் ஹெச்.ஆர். வரைக்கும் போயிற்று.

ஹெச்.ஆரிலிருந்து, பொது இடங்களில் உரையாடல் கண்ணியமாக இருக்கவேண்டும் என்று எல்லோருக்கும் பொதுவாக ஒரு மெயில். பெயர் போடவில்லை. முப்பது பேரும் ஒரே திசையில் திரும்பிப் பார்த்தோம். எம்.எல்.ஏ. சட்டைப் பையிலிருந்து சாசனத்தை உருவிக்கொண்டு ஹெச்.ஆர். அறைக்குப் போனார். முதலாவது திருத்தம், பேச்சு சுதந்திரம். இருபது நிமிஷம் கழித்து வெளியே வந்தார். அந்தத் திருத்தம் அரசாங்கத்தின் கையைத்தான் கட்டுகிறது, தனியார் முதலாளியை அல்ல என்று உள்ளே பாடம் நடத்தியிருக்கிறார்கள். கொஞ்சமாவது அந்தப் பாதுகாப்பு வேண்டுமென்றால் சர்க்கார் உத்தியோகத்தில் இருந்திருக்க வேண்டும். மனிதருக்கு அன்று மதியச் சாப்பாடு இறங்கவில்லை. எதிர்க்கட்சி ஒரு வார்த்தை பேசவில்லை. அதைவிடப் பெரிய அடி வேறு வேண்டுமா?

செனட்டில் சட்டம் கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் 60-க்கு 39 என்று தேறியது. கீழ்ச்சபையில் 2010 மார்ச் 21, ஞாயிறு இரவு, 219-க்கு 212. திங்கள்கிழமை காலை எதிர்க்கட்சி இரண்டு டஜன் டோநட் வாங்கி வந்து லஞ்ச் ரூம் மேஜையில் வைத்தார். எதற்கு என்று எழுதவில்லை. கறுப்பு டை கட்டி வந்திருந்த எம்.எல்.ஏ. மேஜையை இரண்டு தடவை சுற்றினார். பிறகு பாதி டோநட்டைப் பிய்த்து எடுத்துக்கொண்டார். முழுசாக எடுத்திருந்தால் சரணாகதி. பாதி என்றால் பேச்சுவார்த்தை.

இவ்வளவு எழுதிவிட்டு, அந்த இருவரும் ஒரே பக்கம் உட்கார்ந்ததைச் சொல்லாவிட்டால் பாவம். அது நடப்பது இன்சூரன்ஸ் கடிதம் வருகிற நாட்களில். அமெரிக்காவில் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தால் இரண்டு வாரம் கழித்து ஒரு காகிதம் வரும். உச்சியில் கொட்டை எழுத்தில் 'இது பில் அல்ல' என்று இருக்கும். கீழே முழுக்கப் பில். ஆஸ்பத்திரி கேட்டது ஒரு தொகை, இன்சூரன்ஸ் ஒப்புக்கொண்டது ஒரு தொகை, கழிவு, டிடக்டிபிள், கோ-பே, கடைசியில் நீ கட்ட வேண்டியிருக்கலாம் என்று ஒரு தொகை. 'லாம்'. எம்.எல்.ஏ.வுக்கு சர்க்கரை, எதிர்க்கட்சிக்கு தைராய்டு. காகிதங்களைப் பரப்பிக்கொண்டு ஜாதகப் பொருத்தம் பார்ப்பதுபோல் இருவரும் உட்காருவார்கள். "லாபை மாத்திட்டான், அதான் நெட்வொர்க்குக்கு வெளியே காட்டுது." "இந்த கோடு தப்பு, திருப்பி அனுப்பு." அந்த நேரத்தில் கனடாவும் இல்லை, வாஷிங்டனும் இல்லை. மஞ்சள் ஹைலைட்டர் மட்டும்.

இன்சூரன்ஸ் ஏன் ஆபீஸ் வழியாக வருகிறது என்பதை எம்.எல்.ஏ.தான் எனக்குச் சொன்னார், அவருக்கு சரித்திரம் அத்துப்படி. இரண்டாம் உலகப் போரில், 1942-ல், சம்பளத்தை ஏற்றக்கூடாது என்று அரசாங்கம் கட்டிப்போட்டது. ஆள் கிடைக்காத கம்பெனிகள் சம்பளத்துக்குப் பதில் காப்பீட்டைக் காட்டி இழுத்தன. அதற்கு வருமான வரியும் இல்லை என்றானது. போர் முடிந்தது, வழக்கம் முடியவில்லை. கல்யாணத்துக்குப் போட்ட பந்தலைப் பிரிக்காமல் மூன்று தலைமுறையாக அதிலேயே குடித்தனம். எம்.எல்.ஏ.வுக்கு இந்த வேலை பிடிக்காமல் பத்து வருஷம் ஆகியிருந்தது. சொந்தமாக ஒரு மரவேலைப் பட்டறை வைக்க ஆசை. சர்க்கரை உள்ளவருக்கு வெளியே தனியாக எவன் இன்சூரன்ஸ் தருவான்? எதிர்க்கட்சிக்கும் அதே கதைதான், அவருக்குத் தோட்டம். சுதந்திரத்தைப் பற்றி ஒருவர், கனடாவைப் பற்றி ஒருவர் என்று கத்திக்கொண்டே, எங்கும் போக முடியாமல் இருவரும் ஒரே மைக்ரோவேவைச் சுற்றி வந்தார்கள். என்னைப் பற்றிக் கேட்காதீர்கள். எனக்கு வேலை போனால் இன்சூரன்ஸோடு விசாவும் போய்விடும். ஆகையால் இருவர் சொன்னதற்கும் தலையாட்டினேன்.

2013 ஆகஸ்டில் ஆட்குறைப்பு. எம்.எல்.ஏ.வின் பெயர் பட்டியலில் இருந்தது. வேலை போனவர்கள் பதினெட்டு மாசம் வரை பழைய இன்சூரன்ஸையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் கம்பெனி கட்டிய பங்கையும் சேர்த்து நாமே கட்டவேண்டும், மேலே இரண்டு சதவீதம். அந்த ஏற்பாட்டுக்குப் பெயர் கோப்ரா. நல்ல பாம்பின் பெயரைச் சட்டத்துக்கு வைத்தவன் அனுபவசாலி. கடிதத்தைப் பிரித்த எம்.எல்.ஏ., வீட்டு லோன் தவணையைவிட அதிகம் என்று மட்டும் சொன்னார். பெட்டியைக் கட்டினார். போகும்போது எதிர்க்கட்சியின் மேஜையில் ஒரு மஞ்சள் சீட்டை ஒட்டிவிட்டுப் போனார். அரசியல் ஒன்றும் இல்லை. இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போன் போட்டால் எந்த எண்ணை, எத்தனை தடவை அமுக்கினால் மெஷின் போய் மனுஷர் வருவார் என்ற ரகசியம். நாலு வருஷத்து உழைப்பில் கண்டுபிடித்தது.

அக்டோபர் 1-ம் தேதி, ஒபாமாவின் சட்டப்படி, அரசாங்கத்தின் 'மார்க்கெட்பிளேஸ்' இன்சூரன்ஸ் வெப்சைட் திறந்தது, திறந்த கையோடு படுத்தது. முதல் நாள் அதில் பதிவை முடித்தவர்கள் 6 பேர். சாஃப்ட்வேர்க்காரர்களான எங்களுக்கு அது தீபாவளி. ஒரு சனிக்கிழமை எம்.எல்.ஏ. போன் செய்தார். குரலில் பழைய கம்பீரம். "அந்த வெப்சைட்டைக் கட்டினது யார் தெரியுமா?" எங்கள் ஆட்கள்தான் என்று சொல்லப்போகிறார் என்று பயந்தேன். "மான்ட்ரியால் கம்பெனி! அதோட அமெரிக்கக் கிளை! கனடா! அவகிட்ட சொல்லு, மறக்காம சொல்லு." செய்தி உண்மைதான். திங்கள்கிழமை சொன்னேன். எதிர்க்கட்சி ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

டிசம்பரில் மறுபடி போன். இந்தத் தடவை குரல் தாழ்ந்திருந்தது. வெப்சைட் இப்போது பரவாயில்லையாம். ஜனவரி 1-லிருந்து சர்க்கரை இருப்பதைக் காரணம் காட்டி எவனும் மறுக்க முடியாதாம். தனக்கு ஒரு பிளான் கிடைத்திருக்கிறதாம், மானியம் போக மாசத் தொகை கட்டுப்படியாகிறதாம். பட்டறைக்கு ஷெட் பார்த்துக்கொண்டிருக்கிறாராம். "இது ஒபாமாகேர் இல்ல, புரியுதா? இது மார்க்கெட்பிளேஸ்" என்றார். புரிகிறது என்றேன். பிறகு கொஞ்சம் இடைவெளி விட்டு, "அவகிட்ட சொல்லிடாதே" என்றார்.

மறுநாள் மத்தியானம் சாம்பார் சாதத்தை உள்ளே வைத்து இரண்டரை நிமிஷம் அமுக்கினேன். பீப் அடிப்பதற்குள் சொல்லி முடித்துவிட்டேன்.