சாவியைத் திருப்பினால் 'டக்'!

(வசந்தம் வந்ததும் அமெரிக்கத் தமிழர்களிடமிருந்து வரும் கடிதங்களில் பாதி புல்லைப் பற்றியவை. இந்த முறை அந்தப் புல்லை வெட்டும் வண்டிக்கே பகுதி முழுவதும்.)

குளிர்காலம் முழுக்க கராஜில் நின்ற ரைடிங் மோவர் ஸ்டார்ட் ஆகவில்லை. புது பேட்டரி வாங்கிவிடட்டுமா?
– ஒஹாயோ வாசகர்

பர்ஸை மூடிவிட்டுக் காதைத் திறந்து வையுங்கள். சாவியைத் திருப்பும்போது வண்டி தன் நோயைத் தானே சொல்லும். 'டக டக டக' என்று விடாமல் அடித்தால் பேட்டரியில் தெம்பில்லை. ஒரே ஒரு 'டக்' என்றால் சாலினாய்டு, ஸ்டார்ட்டர் மோட்டார், அல்லது இவற்றுக்குப் போகும் கேபிள். சத்தமே இல்லையென்றால் ஃபியூஸ், பாதுகாப்பு ஸ்விட்சுகள், இல்லை பேட்டரி அடியோடு காலி. என்ஜின் நன்றாகச் சுற்றியும் பிடிக்கவில்லையென்றால் பேட்டரியை விட்டுவிட்டுப் பெட்ரோல் பக்கம் போங்கள்.

உங்கள் வண்டி 'டக டக' ரகம் என்றால் மல்டிமீட்டரை வையுங்கள். நிறைந்த பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். 12.4 என்றால் முக்கால் பங்கு இருக்கிறது. 12க்குக் கீழே இறங்கியிருந்தால் சார்ஜரில் போட்டு ஒரு ராத்திரி விடுங்கள். காலையில் 12.6 காட்டினாலும் நம்பிவிட வேண்டாம். ஒருவர் சாவியைத் திருப்ப, இன்னொருவர் மீட்டரைப் பார்க்கட்டும். ஸ்டார்ட்டர் சுற்றும்போது 9.6க்குக் கீழே விழுந்தால் மட்டும் புது பேட்டரி வாங்குங்கள்.

பேட்டரி 12.6 இருக்கிறது. ஆனாலும் ஒரே ஒரு 'டக்', பிறகு மௌனம்.
– நார்த் கரோலினா வாசகர்

சாலினாய்டு வெறும் ஸ்விட்ச்தான். சாவியிலிருந்து வரும் சின்ன மின்சாரம் அதை மூட, அது பேட்டரியின் பெரிய மின்சாரத்தை ஸ்டார்ட்டருக்கு விடுகிறது. 'டக்' கேட்டால் சின்ன மின்சாரம் வந்துவிட்டது, பெரியது போய்ச் சேரவில்லை என்று பொருள். எல்லோரும் சாலினாய்டை மாற்ற ஓடுவார்கள். நான் முதலில் கறுப்புக் கேபிளைப் பார்க்கச் சொல்வேன். அது வண்டியின் சட்டத்தில் போல்ட் போட்ட இடத்தில் துரு ஏறியிருக்கும். கழற்றி, உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து, இறுக்குங்கள். பேட்டரி முனைகளில் பச்சையும் வெள்ளையும் பூத்திருந்தால் சமையலறையில் இருக்கும் ஆப்பச் சோடாவைத் தண்ணீரில் கரைத்துக் கழுவுங்கள். கரைசல் பேட்டரிக்குள் இறங்கிவிடக் கூடாது. கழற்றும்போது கறுப்பு முதலில், மாட்டும்போது கறுப்பு கடைசியில்.

சாலினாய்டின் இரு முனைகளையும் ஸ்க்ரூ டிரைவரால் சேர்த்துப் பொறி பறக்கவிடும் வித்தையை யாராவது காட்டினால் கை தட்டாதீர்கள். அது எல்லாப் பாதுகாப்பு ஸ்விட்சுகளையும் தாண்டிப் போகிறது. கியரில் இருந்தால் வண்டி வித்தைக்காரர் மேலேயே ஏறும்.

சாவியைத் திருப்பினால் சத்தமே இல்லை. பேட்டரி புதிது, ஃபியூஸும் சரி.
– நியூ ஜெர்சி வாசகி

பிரேக் மிதியை முழுக்க மிதித்தீர்களா? பிளேடு லீவர் ஆஃப் நிலையில் இருக்கிறதா? ஒழுங்காக சீட்டில் உட்கார்ந்தீர்களா? மூன்றில் ஒன்று தப்பினாலும் பல மாடல்கள் அசைந்துகொடுக்காது. மூன்றும் சரியென்றால், மிதிக்குப் பின்னாலும் சீட்டுக்கு அடியிலும் இருக்கும் ஸ்விட்சுகளின் வயர் கழன்றிருக்கிறதா என்று பாருங்கள். எலிகளுக்கு அந்த வயர் ரொம்பப் பிடிக்கும்.

என்ஜின் சுற்றுகிறது, சுற்றுகிறது, சுற்றிக்கொண்டே இருக்கிறது. பிடிக்கவே இல்லை.
– மின்னசோட்டா வாசகர்

டாங்கில் இருப்பது எந்த மாதத்துப் பெட்ரோல்? அமெரிக்கப் பெட்ரோல் பங்க்குகளில் சாதாரணமாகக் கிடைப்பதில் 10 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கும். எத்தனால் ஈரத்தை உறிஞ்சும். ஒரு மாதம் தாண்டினாலே பெட்ரோல் கெடத் தொடங்கும். அக்டோபரில் ஊற்றியது ஏப்ரலில் கார்புரேட்டருக்குள் பிசினாகப் படிந்திருக்கும். பழையதை வடித்துப் புதிதை ஊற்றுங்கள். உங்கள் பக்கம் '88' என்று எழுதி விலை குறைவாக விற்கும் குழாயைத் தொடவே வேண்டாம். அதில் எத்தனால் 15 சதவீதம் வரை. மோவர் என்ஜின்களுக்கு அனுமதிக்கப்பட்டதல்ல.

பல கார்புரேட்டர்களின் அடியில் ஒரு குட்டி சாலினாய்டு உண்டு. சாவியை ஆன் செய்ததும் 'டிக்' என்று மெல்லச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பெட்ரோல் உள்ளே போகாது. அடுத்து ஏர் ஃபில்டர் மூடியைத் திறங்கள். குளிர்காலத்தில் எலி அங்கே குடும்பம் நடத்தியிருக்கலாம். ஸ்பார்க் பிளக் கறுத்திருந்தால் புதிது போடுங்கள்; இந்த என்ஜின்கள் பலவற்றுக்கு இடைவெளி 0.030 அங்குலம். இவ்வளவும் கார்புரேட்டரைக் கழற்றுவதற்கு முன்னால்.

புது பேட்டரி, புது சாலினாய்டு, புது ஸ்டார்ட்டர் எல்லாம் போட்டாயிற்று. என்ஜின் அரைச் சுற்று சுற்றி, சுவரில் முட்டியதுபோல் நின்றுவிடுகிறது. விற்றுவிடலாமா?
– டெக்சஸ் வாசகர்

விற்காதீர்கள்! வாங்குபவர் பத்து நிமிடத்தில் சரிசெய்து உங்கள் எதிரிலேயே ஓட்டிப் போவார்.

இது வால்வு இடைவெளி. ஒற்றை சிலிண்டர் என்ஜினுக்குள் அடைபடும் காற்றை அழுத்த நிறைய பலம் வேண்டும். இவ்வளவு சிறிய ஸ்டார்ட்டரால் அது முடியாது. அதனால் என்ஜின் மெதுவாகச் சுற்றும்போது ஒரு வால்வை இம்மியளவு திறந்து காற்றைக் கசியவிடும் ஏற்பாடு கேம் ஷாஃப்டில் இருக்கிறது. தேய்மானத்தில் வால்வுக்கும் ராக்கருக்கும் இடையிலான சந்து அதிகமானால் அந்த இம்மி திறப்பு நடக்காது. முழு அழுத்தமும் எதிர்த்து நிற்கும், ஸ்டார்ட்டர் தோற்றுப்போகும். பார்க்கிறவர்கள் பேட்டரியைக் குற்றம் சொல்வார்கள்.

1908இல் மில்வாக்கியில் தொடங்கிய பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டனின் ஒற்றை சிலிண்டர் என்ஜின்களில் இது அடிக்கடி வரும். அவற்றில் பலவற்றுக்கு உள்ளே இழுக்கும் வால்வின் சந்து 0.003 முதல் 0.005 அங்குலம், வெளியே விடும் வால்வுக்கு 0.005 முதல் 0.007. என்ஜின் மூடியில் பொறித்திருக்கும் மாடல் எண்ணை வைத்து உங்கள் என்ஜினின் அளவை உறுதிசெய்துகொள்ளுங்கள். என்ஜின் ஆறியிருக்க வேண்டும், ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றியிருக்க வேண்டும். வால்வு கவரைத் திறக்க நாலைந்து போல்ட், அளக்க ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய தகடு. மூன்று புதுப் பாகங்கள் செய்யாததை அந்தத் தகடு செய்யும்.

கார் பேட்டரியிலிருந்து ஜம்ப் கொடுக்கலாமா?
– மிச்சிகன் வாசகர்

இரண்டும் 12 வோல்ட் என்றால் கொடுக்கலாம், கார் என்ஜினை அணைத்துவிட்டு. சிவப்பு சிவப்புக்கு. கறுப்பின் கடைசி முனை மோவர் பேட்டரியில் அல்ல, என்ஜினின் வெறும் இரும்பில். இது அவசரத்துக்கு மட்டும். பேட்டரி ஏன் இறங்கியது என்ற கேள்விக்கு அதில் பதில் இல்லை.

தஞ்சாவூரிலிருந்து வந்திருக்கும் அப்பா, "மாடும் இல்லை, இவ்வளவு புல்லை வெட்டி என்னப்பா பண்ணப் போறே?" என்று கேட்கிறார்.
– ஜார்ஜியா வாசகர்

நியாயமான கேள்வி. வாரிக் குப்பையில் போடாமல் அங்கேயே விடுங்கள் என்பதுதான் பதில். மட்கிப்போனால் தழைச்சத்து மண்ணுக்கே திரும்பும், உரச் செலவு குறையும். அப்பா இதை உடனே ஒப்புக்கொள்வார்.

சீட் ஸ்விட்ச் அடிக்கடி மக்கர் செய்கிறது. வயர்களை ஒன்றாக முறுக்கிவிட்டால் வேலை முடிந்தது என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர்.
– இல்லினாய் வாசகர்

கூடவே கூடாது. சரிவில் வண்டி சாய்ந்து நீங்கள் விழுந்தால், பிளேடை நிறுத்துவது அந்த ஸ்விட்ச் ஒன்றுதான். நல்ல ஸ்விட்ச் வாங்கி மாட்டுங்கள். பழைய வண்டி வாங்கியவர்கள் சீட்டைத் தூக்கிப் பாருங்கள்; முன்னவர் முறுக்கிவைத்திருந்தால் இன்றே பிரித்துவிடுங்கள்.

வண்டி ஸ்டார்ட் ஆகிவிட்டது! மகிழ்ச்சியில் நாலு வயதுப் பேரனை மடியில் உட்காரவைத்து ஒரு சுற்று வரலாமா?
– புளோரிடா வாசகர்

வேண்டாம் ஐயா. ரைடிங் மோவர் ஒருவருக்கான வண்டி. ஓட்டுவதற்கே 16 வயது ஆகியிருக்க வேண்டும் என்கிறது அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம். மடியிலிருந்து வழுக்கி விழும் பிள்ளையும், தாத்தாவின் பின்னால் ஓடிவந்து ரிவர்ஸில் மாட்டும் பிள்ளையும் ஒவ்வொரு கோடையிலும் மருத்துவமனைக்கு வருகிறார்கள். பேரனை வீட்டுக்குள் ஒரு பெரியவர் கையில் ஒப்படைத்து, கதவைச் சாத்திவிட்டுப் பிறகு சாவியைத் திருப்புங்கள்.