கல்யாணத்துக்கு வந்த மூன்று குக்கர்

கல்யாணப் பரிசாக மூன்று குக்கர் வந்திருக்கின்றன. நாங்கள் இருவர்தான். எதை வைத்துக்கொள்ள? (புதுமாப்பிள்ளை, மதுரை)

மூன்று லிட்டரை. பருப்பை நேரடியாகப் போட்டால் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள். நுரை பொங்கி விசில் துளையை அடைக்கும். ஐந்து லிட்டர், மாமனார் வீட்டார் வரும் நாளுக்கு. மூன்றாவதை அடுத்த கல்யாணத்தில் கொடுத்துவிடலாம். அட்டைப்பெட்டிக்குள் முதலில் கொடுத்தவர் பெயர் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கிரைண்டர் வாங்கணுமா, மிக்ஸி போதுமா? (வாசகி, திருச்சி)

மிக்ஸி எப்படியும் வேண்டும். கிரைண்டரில் ஒரு கைப்பிடி தேங்காயைச் சட்னி அரைக்க முடியாது. கிரைண்டர் வேண்டுமா என்பதை உளுந்துதான் சொல்லும். கல் நிதானமாகச் சுற்றுவதால் மாவு சூடேறாது. காற்றை வாங்கிப் பொங்கப் பொங்க வரும். மிக்ஸி பிளேடு வேகத்தில் சூட்டைக் கிளப்பிவிடும். ஐஸ் தண்ணீர் தெளித்து, விட்டுவிட்டு ஓட்டினால் சமாளிக்கலாம். ஆனால் அதே அளவு உளுந்துக்கு மாவு குறைவாகத்தான் காணும். வாரம் நாலு நாள் இட்லி, தோசை என்றால் இரண்டு லிட்டர் டேபிள் டாப் வாங்குங்கள். தெருமுனையில் பாக்கெட் மாவு வாங்குபவர் என்றால், கிரைண்டர் மேல் நாளிதழ் அடுக்கத்தான் போகிறீர்கள். அதற்கு ஸ்டூல் மலிவு.

இரும்புக் கல்லில் தோசை ஒட்டுகிறது. நான்ஸ்டிக்குக்கு மாறிவிடவா? (பேச்சிலர், சென்னை)

கல்லைப் பழக்கினீர்களா? சோறு வடித்த கஞ்சியில் இரண்டு மூன்று நாள் ஊறவைத்துக் கழுவி, எண்ணெய் தடவிக் காயவிட்டு, வெங்காயத்தால் தேயுங்கள். சப்பாத்திக்கு வேறு கல் வையுங்கள். எண்ணெயில்லாமல் காய்ந்து காய்ந்து, பழகிய கல்லும் பழக்கத்தை மறந்துவிடும். இதற்கெல்லாம் பொறுமையில்லை என்றால் நான்ஸ்டிக் குற்றமில்லை. வெறுமனே அடுப்பில் விட்டு போன் பேசப் போகாதீர்கள். 260 டிகிரியைத் தாண்டினால் பூச்சு சிதைய ஆரம்பிக்கும்.

ஈயச் சொம்பில் ரசம் வைக்க ஆசை. சொம்பு உருகிவிடாதா? (வாசகர், கும்பகோணம்)

வெள்ளீயம் உருகுவது 232 டிகிரியில். ரசம் ஏறக்குறைய 100-லேயே கொதித்துவிடும். எனவே உள்ளே ரசம் இருக்கும்வரை சொம்பு பிழைக்கும். வெறும் சொம்பை ஏற்றினால் சொம்பே ரசமாகும். காரீயம் கலக்காததாக, தெரிந்த கடையில் வாங்குங்கள், அது நஞ்சு. ரசத்தைக் கொதிக்கவிடாமல், நுரை கட்டியதும் இறக்கும் கை உங்களுடையது என்றால் மட்டும் வாங்குங்கள்.

இன்டக்‌ஷன் அடுப்புக்கு எந்தப் பாத்திரம்? (விடுதி மாணவி, கோவை)

ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கும் காந்தத்தோடு கடைக்குப் போங்கள். அடியில் கப்பென்று ஒட்டினால் வாங்கலாம். அடி தட்டையாகவும் இருக்கணும். வெறும் அலுமினியம், பித்தளை, கல்சட்டி மூன்றும் சூடாகாது.

ஏர் ஃப்ரையரில் மெதுவடை வருமா? (வாசகர், சேலம்)

ஈர மாவு கூடைக் கண்ணில் வழிந்து, வடைக்குப் பதில் ஓட்டைதான் வரும். கட்லெட், உருளைக்கிழங்கு அடிக்கடி செய்பவருக்கு நல்ல கருவி. உங்களுக்கு ஓர் எண்ணெய்ச் சட்டி போதும்.