சைடு ஸ்டாண்டு பதில்கள்

கல்லூரி மாணவர், திருச்சி: லடாக் போகாதவன் எல்லாம் ரைடரே இல்லை என்கிறான் என் நண்பன். உண்மையா?

லடாக்கில் எதிரே வருவது ராணுவ லாரி. ஓட்டுபவர் பயிற்சி பெற்றவர். காலை எட்டே முக்காலுக்குப் பால்பண்ணை ரவுண்டானாவில் எதிரே வருகிறவர் எந்தப் பக்கம் திரும்பப் போகிறார் என்பது அவருக்கே தெரியாது. அதைத் தினமும் தாண்டி, சட்டை கசங்காமல் ஆபீஸ் போய்ச் சேருகிறவர்தான் என் கணக்கில் ரைடர். லடாக்கும் போய் வாருங்கள், நல்ல இடம்தான். கிளம்பும் முன் நண்பனுக்குச் செயின் டைட் வைக்கத் தெரியுமா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இல்லத்தரசி, கோவை: என் கணவர் ஞாயிற்றுக்கிழமை முழுக்க பைக்கைத் துடைக்கிறார். வீட்டில் ஒரு துரும்பை நகர்த்துவதில்லை. என்ன செய்ய?

துணி ஏற்கெனவே கையில் இருக்கிறது. ஃபேன் பக்கம் திருப்பிவிட வேண்டியதுதான் பாக்கி. இன்னொரு வழியும் உண்டு. டேங்க் பளபளப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள். குனிந்து செயினில் விரலால் ஒரு இழுப்பு இழுங்கள். விரலில் மண்ணும் துருவும் ஒட்டினால், அவர் வண்டியைப் பராமரிக்கவில்லை, உங்களிடமிருந்து தப்பித்து வாசலில் உட்கார்ந்திருக்கிறார்.

தனியார் நிறுவன ஊழியர், ஈரோடு: செயினுக்கு என்ன எண்ணெய் போடலாம்? அவசரத்துக்கு நல்லெண்ணெய் போடலாமா?

தோசைக்குப் போடுங்கள். செயினில் நல்லெண்ணெய் கொஞ்ச நாளில் பிசினாகி, தெருவில் உள்ள மண்ணையெல்லாம் கூப்பிட்டு உட்கார வைத்துக்கொள்ளும்.

முறை இதுதான். சென்டர் ஸ்டாண்டு போடுங்கள். இன்ஜின் ஆஃப். இதை இரண்டு முறை படியுங்கள். இன்ஜினை ஓடவிட்டு, முதல் கியரில் சக்கரம் சுற்றச் சுற்றத் துணியை வைத்துத் துடைப்பவர்கள் இருக்கிறார்கள். துணியோடு விரலும் பல்சக்கரத்துக்குள் போய்விடும். சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். மண்ணெண்ணெய் கிடைத்தால் மண்ணெண்ணெய், இல்லாவிட்டால் டீசல். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் இணைப்புக்கு இணைப்பு தேய்த்துவிட்டு, காய்ந்த துணியால் துடையுங்கள். பெட்ரோல் வேண்டாம். உங்கள் செயின் ரப்பர் வளையம் வைத்த ரகமென்றால் அந்த வளையத்தைக் கெடுத்துவிடும்.

பிறகு தொண்ணூறாம் நம்பர் கியர் ஆயிலோ, செயின் ஸ்ப்ரேயோ. செயினின் உள்பக்கத்தில் விடுங்கள். சுற்றும்போது அது தானாக வெளிப்பக்கம் வரும். வெளியே விட்டால் உங்கள் பேண்டுக்குத்தான் வரும். விட்டதும் ஓட்டாதீர்கள், அரை மணி நேரம் ஊறட்டும். முடிந்தால் ராத்திரி போட்டுவிட்டுத் தூங்கப் போங்கள். சுமார் 500 கிலோமீட்டருக்கு ஒரு முறை, மழையில் நனைந்தால் அன்றைக்கே. கீழ்ப்பக்கச் செயினை நடுவில் பிடித்து மேலும் கீழும் ஆட்டினால் பெரும்பாலான வண்டிகளில் 20 முதல் 30 மில்லிமீட்டர் வரை ஆட வேண்டும். கம்பி மாதிரி விறைப்பாக வைத்துவிட்டு ‘டைட்டா இருக்கு சார்’ என்று பெருமைப்படும் மெக்கானிக்கிடம் இருந்து வண்டியை உடனே வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். பின்னால் ஆள் ஏறியதும் செயின் இன்னும் இறுகும், கியர் பாக்ஸ் பேரிங் பேசத் தொடங்கும்.

வாசகர், விழுப்புரம்: விடியற்காலையில் பெட்ரோல் போட்டால் குளிர்ச்சியில் அளவு கூடுதலாகக் கிடைக்குமாமே?

பங்கில் டேங்க் பூமிக்கடியில் இருக்கிறது. அதற்கு விடிந்ததும் தெரியாது, வெயில் அடித்ததும் தெரியாது. தூங்குங்கள்.

வாசகர், ஓசூர்: டயருக்கு நைட்ரஜன் நல்லதா, சாதா காற்று நல்லதா?

சாதா காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான், இலவசமாக. நீங்கள் காசு கொடுப்பது மிச்சத்துக்கு. எதை அடைத்தாலும் வாரம் ஒரு முறை, டயர் சூடாகும் முன் அளவு பாருங்கள். அளவு எவ்வளவு என்று பஞ்சர் கடைக்காரரைக் கேட்காதீர்கள், அவர் வருகிற வண்டிக்கெல்லாம் ஒரே எண்ணைச் சொல்வார். செயின் கவரிலோ ஸ்விங் ஆர்மிலோ ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும், அதைப் பாருங்கள்.

அரசு ஊழியர், மதுரை: அப்பாவின் 1978 மாடல் புல்லட் என் கைக்கு வந்திருக்கிறது. உதைத்து உதைத்துக் கால் வீங்கியதுதான் மிச்சம். அப்பா ஒரே உதையில் ஸ்டார்ட் செய்வார். ரகசியம் என்ன?

அப்பாவுக்கு அவசரம் இல்லை. அதுதான் ரகசியம்.

திருவொற்றியூர் ஃபேக்டரியில் இருந்து வந்த அந்தக் காலத்து வண்டி பலத்துக்கு மசியாது. சாவியைப் போடுங்கள், பெட்ரோல் டேப்பைத் திறங்கள். இப்போது கிக்கரை மெதுவாக, பாதத்தால் தடவுகிற மாதிரி அழுத்திக்கொண்டே ஹெட்லைட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் ஆம்பியர் மீட்டரைப் பாருங்கள். முள் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும், ஓரிடத்தில் நடுவுக்கு வரும். கிக்கரும் அங்கே கல்லாகி நிற்கும். அந்த இடத்தில்தான் நீங்கள் ஏறி மிதித்து, அது திருப்பி உதைத்து, உங்கள் கால் வீங்கியிருக்கிறது. மிதிக்காதீர்கள். இடது கைப்பிடிக்குப் பக்கத்தில் ஒரு குட்டி லீவர் இருக்கும், டிகம்ப்ரசர். அதைப் பிடித்தபடி கிக்கரை இன்னும் கொஞ்சம் கீழே தள்ளுங்கள். புஸ்ஸென்று காற்று போகும். லீவரை விடுங்கள், கிக்கரை மேலே வர விடுங்கள். இப்போது உடம்பின் எடையைப் போட்டு, கடைசி வரைக்கும் ஒரே இறக்கு. ஆக்சிலேட்டரைத் தொட வேண்டாம்.

ஸ்டார்ட் ஆன பிறகுதான் இன்னொரு ஆபத்து. உங்கள் வண்டியில் கியர் வலது காலில், பின் பிரேக் இடது காலில். முதல் கியர் மேலே, மற்ற மூன்றும் கீழே. மாடு குறுக்கே வந்ததும் பழக்கதோஷத்தில் வலது காலை அழுத்தினால் வண்டி நிற்காது, அடுத்த கியருக்குப் போகும். மாட்டுக்கு இது தெரியாது. ஒரு வாரம் காலி மைதானத்தில் ஓட்டிவிட்டு மாசி வீதிப் பக்கம் வாருங்கள். மைத்துனர் ஓட்டக் கேட்டால் கொடுக்காதீர்கள். கொடுத்தே ஆக வேண்டும் என்றால் இந்தப் பாராவைப் படித்துக் காட்டிவிட்டுக் கொடுங்கள்.

பொரி வியாபாரி மகன், தர்மபுரி: கல்லூரியில் எல்லோரும் பெரிய பைக்கில் வருகிறார்கள். நான் அப்பாவின் எக்ஸ்.எல்.லில் போகிறேன். கிண்டல் செய்கிறார்கள்.

இரண்டு சிலிண்டர் வண்டி என்று பீற்றிக்கொள்கிறார்களா? உங்கள் வண்டியில் நாலு சிலிண்டர் போகும், வாரில் கட்டினால். 1980ல் உங்கள் பக்கத்து ஊர் ஓசூரில் டி.வி.எஸ். 50 ஆக ஆரம்பித்த வம்சம் அது. தென்னங்கீற்று, ஆட்டுக்குட்டி, தண்ணீர்க் குடம், இட்லி மாவு, கோயில் தேருக்கான ஜெனரேட்டர் வரை சுமந்திருக்கிறது. கிண்டல் செய்கிறவர்களின் பைக்கில் டிபன் பாக்ஸ் வைக்க இடம் இருக்கிறதா என்று பாருங்கள். செமஸ்டர் முடிந்து ஹாஸ்டல் காலி செய்யும் நாளன்று அத்தனை பேரும் உங்களைத்தான் தேடுவார்கள். வாடகை பேசிக்கொள்ளுங்கள்.

வங்கி அலுவலர், சேலம்: கொல்லிமலை, ஏற்காடு, வால்பாறை. முதல் முறை மலை ஏறுகிறவன் எங்கே போகலாம்?

சேலத்துக்காரர் கேட்கிற கேள்வியா இது? வாசலிலேயே ஏற்காடு, 20 கொண்டை ஊசி வளைவு. அதில் பழகுங்கள். கொல்லிமலையில் காரவள்ளியில் இருந்து 70 வளைவு. ஒவ்வொன்றிலும் எண் எழுதியிருப்பதால், எண்ணிக்கொண்டே போய் இயற்கையைப் பார்க்காமல் மேலே போய்ச் சேர்ந்தவர்கள் நிறைய. என் ஓட்டு வால்பாறைக்கு. ஆழியாறில் இருந்து 40 வளைவு. ஒன்பதாவது வளைவில் வண்டியை ஓரம் கட்டித் திரும்பிப் பார்த்தால் கீழே அணை விரிந்து கிடக்கும். அங்கே இங்கே தடுப்புச் சுவரில் வரையாடு ஒன்று, சுங்க அதிகாரி தோரணையில், உங்களை மேலும் கீழும் பார்த்துக்கொண்டு நிற்கலாம். மிக்சரை நீட்டாதீர்கள். அது காட்டு விலங்கு, கூப்பிடாமல் வந்த விருந்தாளி நீங்கள்தான்.

ஏறுவதைப் பற்றி எல்லோரும் கவலைப்படுகிறார்கள். இறங்குவதில்தான் விஷயம். எந்த கியரில் ஏறினீர்களோ, அதே கியரில் இறங்குங்கள். இன்ஜினே பிடித்துக்கொள்ளும். பெட்ரோல் மிச்சம் என்று இன்ஜினை அணைத்து நியூட்ரலில் உருட்டுபவர்கள் பிரேக்கை விடாமல் மிதிப்பார்கள். டிரம் பிரேக் சூடேறி, பத்துப் பதினைந்து வளைவில் பிடிப்பு குறைந்து, கால் உள்ளே உள்ளே போகும். மிச்சம் பிடித்த பெட்ரோல் முப்பது ரூபாய் இருக்கும். எதிரே ஏறி வருகிற வண்டிக்கு நின்று வழி விடுங்கள். ஏறுகிறவருக்கே முதல் உரிமை. பஸ் ஹாரன் கேட்டால் வளைவுக்கு முன்பே நின்றுவிடுங்கள். வளைவு முழுவதும் அவருக்குத் தேவைப்படும்.

பெயர் வேண்டாம், நாகர்கோவில்: வளைவில் நான் இடது பக்கம் சாய்ந்தால் பின்னால் இருக்கும் மாமியார் வலது பக்கம் சாய்கிறார். தடுமாறுகிறது.

வீட்டிலும் அப்படித்தானே? வண்டியிலாவது தீர்த்துக்கொள்ளலாம். வண்டி எந்தப் பக்கம் திரும்புகிறதோ, அந்தப் பக்கத்துத் தோளுக்கு மேலாகச் சாலையைப் பார்க்கச் சொல்லுங்கள். உடம்பு தானாக உங்களோடு வரும். சாயச் சொல்லாதீர்கள், பார்க்கச் சொல்லுங்கள். சேலை கார்டைக் கழற்றி அழகு பார்த்திருந்தால் இன்றே மாட்டுங்கள். அது அலங்காரம் இல்லை, மோட்டார் வாகன விதியே கேட்கிற பாதுகாப்பு.

வாசகர், தஞ்சாவூர்: ஹெல்மெட் போட்டால் முடி கொட்டுகிறதே?

உங்கள் அப்பாவின் கல்யாண போட்டோவையும் இப்போதைய போட்டோவையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அவர் ஹெல்மெட் போட்டாரா?

முடி இருக்கட்டும், தலையைப் பார்ப்போம். ‘லாரன்ஸ் ஆஃப் அரேபியா’ என்று படமெல்லாம் எடுக்கப்பட்ட டி.இ. லாரன்ஸ், பிரஃப் சுப்பீரியர் என்ற அந்தக் காலத்து அதிவேக பைக் பிரியர். 1935ல் இங்கிலாந்துக் கிராமத்துச் சாலையில், சைக்கிளில் வந்த பையன்கள் மேல் மோதாமல் ஒதுங்கப் போய் விழுந்தார். தலையில் அடி, ஆறு நாள் நினைவில்லாமல் கிடந்து இறந்தார். அவரைக் கவனித்த மருத்துவர்களில் ஒருவர் ஹியூ கெய்ர்ன்ஸ் என்ற மூளை அறுவை நிபுணர். அந்தச் சாவு அவரை விடவில்லை. ராணுவத்தில் பைக்கில் தபால் கொண்டுபோகும் வீரர்கள் தலையில் அடிபட்டுச் சாவதைக் கணக்கெடுத்து, ஹெல்மெட் எப்படிக் காப்பாற்றுகிறது என்று 1941ல் கட்டுரை எழுதினார். அதே ஆண்டு பிரிட்டிஷ் ராணுவம் அவர்களுக்கு ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியது.

நம் ஊரில் அதை முழங்கையில் மாட்டிக்கொண்டு போகிறோம். முழங்கைக்கு அபராதம் கிடையாது, தலைக்கு ஆயிரம் ரூபாய். பின்னால் உட்காருகிறவர் தலைக்கும் அதே ஆயிரம். வாரை மாட்டாமல் வெறுமனே கவிழ்த்துக்கொண்டால், விழும்போது உங்களுக்கு முன்னால் ஹெல்மெட் போய்ச் சேரும்.

வாசகி, வேளச்சேரி: மழையில் ஸ்கூட்டர் முழுகி நின்றது. வெயில் வந்ததும் ஸ்டார்ட் செய்து பார்க்கலாமா?

கூடாது. சிலிண்டருக்குள் தண்ணீர் நின்றால், பிஸ்டன் மேலே வந்து முட்டி கனெக்டிங் ராடு வளையும். தண்ணீர் காற்று மாதிரி சுருங்காது. பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். அவர் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டு உதைத்துத் தண்ணீரைத் துப்ப வைப்பார். ஏர் ஃபில்டரைக் கண்ணால் பாருங்கள், ஆயிலை வடித்துப் பாருங்கள். பால் கலந்த காபி நிறத்தில் வந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. புது ஆயில் ஊற்றி, கொஞ்சம் ஓடவிட்டு, அதையும் வடித்துவிட்டு மறுபடி ஊற்றுவது நல்லது. முழுகிய வண்டியை அப்படியே போட்டோ எடுத்து வையுங்கள், இன்சூரன்ஸ்காரருக்குக் காட்ட.

வாசகர், காஞ்சிபுரம்: இப்போதெல்லாம் மைலேஜ் குறைகிறது. வண்டியா, பெட்ரோலா, என் வலது கையா?

மூன்றும். இப்போது பங்குகளில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. எத்தனாலுக்குப் பெட்ரோலை விட லிட்டருக்கு மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. கணக்குப் போட்டால் நூற்றுக்கு ஆறு ஏழு குறைய இடம் உண்டு. அதற்கு மேல் குறைந்தால் டயர் காற்று, ஒட்டிக்கொண்டிருக்கும் பிரேக் ஷூ, பிறகு வலது கை. பழைய கார்புரேட்டர் வண்டி என்றால் ரப்பர் குழாயையும் வாஷரையும் பார்த்து வையுங்கள். எத்தனால் தண்ணீரை உறிஞ்சும், மாதக்கணக்கில் டேங்கில் தேக்கி வைக்காதீர்கள்.

டெலிவரி பணியாளர், சென்னை: புது வண்டி எடுத்தால் எந்தக் கோயிலில் பூஜை போடலாம்?

உங்கள் ஊரிலேயே பல்லவன் சாலையில் பாடிகாட் முனீஸ்வரன் இருக்கிறாரே! டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம், அவருக்குச் சுருட்டு. ராஜஸ்தானில் பாலி பக்கம் ஒரு புல்லட்டையே கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக் கும்பிடுகிறார்கள், ஓம் பன்னா கோயில். முனீஸ்வரன் வழித்துணைக்கு வருவார். பிரேக் ஷூ மாற்றச் சொன்னால் வர மாட்டார், அதற்கு மெக்கானிக் என்று தனி ஆள் இருக்கிறார்.

வாசகர், கடலூர்: நண்பர் ஒரு ரவுண்டு கேட்டால் எப்படி மறுப்பது?

‘ரிசர்வில் இருக்கிறது, பெட்ரோல் போட்டுக்கொண்டு ஓட்டு’ என்று சாவியை நீட்டுங்கள். முக்கால்வாசிப் பேருக்கு அப்போதுதான் அவசர வேலை ஞாபகம் வரும். மீறி ஒருவர் டேங்கை நிரப்பிக்கொண்டு வந்து நின்றால், ஹெல்மெட்டையும் கொடுத்து அனுப்புங்கள். இந்தக் காலத்தில் அப்படி ஒரு நண்பர் கிடைப்பது கஷ்டம்.