சுமாருக்கு மூன்று தசமம்

1965இல், பெர்க்லியில் இருந்த லோட்ஃபி ஸாதே ஃபஸி கணங்களைப் பற்றி எழுதியபோது, 'உண்டு', 'இல்லை' இரண்டுக்கும் நடுவே கணிதத்துக்குக் கொஞ்சம் இடம் கிடைத்தது. அந்த இடத்தில் இப்போது மென்பொருள் ஆய்வாளர்கள் பாய் விரித்துவிட்டார்கள்.

ஒரு மென்பொருள் பயன்படுத்தச் சுலபமா என்று அளக்க வேண்டும். ஆளைக் கூப்பிட்டுக் கேட்கிறார்கள். "ஏதோ, பரவாயில்லைங்க" என்கிறார். விட்டார்களா? அந்தப் பதிலை ஒவ்வொரு தரத்துக்கும் வரைந்த முக்கோணங்களுக்குள் உட்காரவைத்து, 'நடுத்தரம்' 0.6, 'நன்று' 0.4 என்று பங்கு பிரிக்கிறார்கள். பிழை, வேகம், திருப்தி என மூன்று உள்ளீடு, ஒவ்வொன்றுக்கும் மூன்று நிலை என்றால் 27 விதிகள். "பிழை குறைவு, வேகம் நடுத்தரம், திருப்தி அதிகம் எனில் எளிமை நன்று" என்கிற ரகம். 'நடுத்தரம்' முக்கோணத்தின் உச்சியை 5இல் நட்டவர் யார் என்றெல்லாம் கேட்கக்கூடாது. 'நிபுணர்' என்று போட்டிருக்கும். (பெரும்பாலும் பக்கத்து அறைக்காரர்.) கடைசியில் விதிகளெல்லாம் சேர்ந்து வரைந்த பரப்பின் மையப்புள்ளியைப் பிடித்தால் 6.372 வரும். அறிக்கையில் அதற்கு விளக்கம்: 'நடுத்தரம்'.

இந்தக் கணங்களை வைத்து முடிவெடுக்கும் ஃபஸி தர்க்கத்தின் மேல் குற்றமில்லை. ஜப்பானின் செண்டாய் நகரச் சுரங்க ரயிலை 1987இலிருந்து அதுதான் குலுங்காமல் ஓட்டியது. அங்கே கணக்குத் தப்பினால் ரயில் நடைமேடையைத் தாண்டி நிற்கும், ஊருக்கே தெரியும். இங்கே 6.372க்குப் பதில் 4.1 வந்தாலும் யாரும் இறங்கிச் சண்டைக்கு வரப்போவதில்லை. 'சேமி' பொத்தானை மூன்றாவது மெனுவுக்குள் ஒளித்துவைத்த புண்ணியவான், அடுத்த பதிப்பில் அதை நான்காவதுக்கு மாற்றிவிடுவார்.